ஓடிக்கொண்டிருக்கும் வெப்காமிக்கின் ஓவியப் பாணியை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐம்பது, அறுபது எபிசோட் வெளிவந்த வெப்காமிக்கின், அதாவது இணையத்தில் தொடராக வரும் படக்கதையின் பாணியை மாற்ற உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது கண்ணில்தான். கண்ணைச் சிறிதாக்கி, மூக்கைக் கொஞ்சம் நீட்டி, தாடையை மாற்றினால் புதுப் பாணி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அடுத்த மாதமே பழைய உடம்பின்மேல் புது முகம் ஒட்டியதுபோல் பக்கங்கள் நிற்கும். பாணி முகத்தில் மட்டும் இருப்பதில்லை. கோட்டின் தடிமன், உடல் அளவு, நிழல் போடும் முறை, பின்னணியில் எவ்வளவு வரைகிறோம், வசன பலூனுக்குள் எழுத்து எப்படி உட்கார்கிறது எல்லாம் அதில் அடக்கம். வாரத்துக்கு எத்தனை பேனல் (படக்கட்டம்) முடிக்க முடியும் என்ற கணக்கும் பாணியின் ஒரு பகுதியே. அந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கிய மாற்றங்கள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைத் தொடரை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக். பாட்டி, அவர் மகள், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேத்தி, எதிர்வீட்டு மலாய்ப் பையன், கீழே காப்பிக்கடை அங்கிள். இதுவரை கறுப்பு வெள்ளையில், ஒரே தடிமன் கோட்டில், குட்டையான உருவங்களாக வந்தது. இனி வண்ணத்தில், கொஞ்சம் இயல்பான உடல் அளவில் வரவேண்டும்.

எதை மாற்றுகிறீர்கள் என்று முதலில் பிரித்துவிடுங்கள்

முதல் ஐந்து எபிசோட், நடுவில் ஐந்து, கடைசி ஐந்து. இந்தப் பதினைந்திலிருந்தும் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்தின் முகம் ஒன்று, முழு உடல் ஒன்று வெட்டி எடுத்து ஒரே கேன்வாஸில் வரிசையாக ஒட்டுங்கள். உங்களை அறியாமலே பாணி ஏற்கெனவே நகர்ந்திருப்பது அதில் தெரியும். பேத்தியின் தலை சுருங்கியிருக்கும், பாட்டியின் கண்ணாடி வட்டத்திலிருந்து சதுரத்துக்கு வந்திருக்கும். கை தானாகப் போன திசை அது. புதுப் பாணி அதே திசையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எதிர்த்திசையில் இருந்தால் பழகுவதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

அதே தாளில், மாற்ற நினைப்பதற்கான காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். காரணம் நேரம் என்றால் முகத்தைத் தொட வேண்டியதே இல்லை. பின்னணியையும் நிழலையும் குறைத்தாலே போதும். கதை இருண்டுவிட்டது, பழைய கொழுகொழு உருவங்கள் அதைத் தாங்கவில்லை என்றால் மாறவேண்டியது உடல் அளவும் நிழலும். மணிக்கட்டு வலி காரணமென்றால் பிரஷின் அழுத்த அமைப்பை மாற்றுங்கள்: மெல்லிய தொடுதலுக்கே முழுத் தடிமன் வரும்படி அழுத்த வளைவை உயர்த்தினால் கை இறுக்கிப் பிடிக்காது. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள், பிரஷ் அதற்கு மருந்தாகாது. ‘எனக்கே அலுத்துவிட்டது’ என்பதும் நியாயமான காரணம்தான். ஆனால் அந்த அலுப்பு கதையின்மேலா, வரைவதன்மேலா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கதைமேல் அலுப்பு என்றால் எந்தப் பாணியும் காப்பாற்றாது.

மாறக்கூடாதவற்றைக் குறித்து வையுங்கள்

தொடர்ந்து படிப்பவர் ஒரு பாத்திரத்தை அடையாளம் காண்பது மூக்கின் நுணுக்கத்தால் அல்ல. உருவத்தின் வெளிவடிவம், தலைமுடி, ஒரு பொருள், நிற்கும் விதம், இவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் இப்படி மூன்று அடையாளங்களை எழுதுங்கள். பாட்டிக்கு: பின்கொண்டை, ஒரு பக்கம் சரிந்த தோள், முழங்கைவரை வரும் ரவிக்கை. பேத்திக்கு: இடுப்புவரை ஒற்றைப் பின்னல், முதுகுப்பை, எப்போதும் ஒரு காலில் எடை. அங்கிளுக்கு: தோளில் துண்டு, முன்தள்ளிய வயிறு, பின்னால் கட்டிய கை.

பிறகு எல்லாரையும் முழுக் கறுப்பால் நிரப்பி, 100 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயர் எழுதாமல் யார் யார் என்று தெரிகிறதா? அம்மாவும் பேத்தியும் ஒன்றுபோல் தெரிந்தால் அதைச் சரிசெய்ய இதுதான் நேரம். மூக்குத்தி, தாலி, தோடு போன்றவற்றை அடையாளமாக நம்பாதீர்கள். கைபேசித் திரையில் நடுத்தூர பேனலில் அவை காணாமல் போய்விடும். இந்த மூன்று அடையாளங்களும் புதுப் பாணியில் அப்படியே வரவேண்டும். மற்றதெல்லாம் மாறலாம்.

வாரக் கணக்கு

வாரத்துக்கு வரைவதற்குக் கிடைக்கும் நேரம் 10 மணி என்று வையுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு வேறு வேலையில் போகும்: ஓவர்டைம், பிள்ளைக்குக் காய்ச்சல், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மிச்சம் 8 மணி, அதாவது 480 நிமிடம். எபிசோடுக்கு 16 பேனல் என்றால் ஒரு பேனலுக்கு 30 நிமிடம். எழுத்து போடுவது, சேமித்து வெளியிடுவது எல்லாம் அதற்குள்தான்.

புதுப் பாணியில் சோதனைப் பேனல் 50 நிமிடம் எடுத்தால் பழகப் பழக அது கொஞ்சம் குறையும். பாதியாகக் குறையும் என்று திட்டமிடாதீர்கள். 40 நிமிடம் என்று வைத்தால் 480ஐ 40ஆல் வகுத்து 12 பேனல். ஆக, 16லிருந்து 12க்கு இறங்கச் சம்மதமா, இல்லை பாணியில் எதையாவது வெட்டுவதா? இந்த முடிவை இப்போதே எடுங்கள். வெட்டுவதென்றால் இரண்டாம் நிழல் அடுக்கு, உடையின் பூவேலை, பின்னணிக் கூட்டம் என்ற வரிசையில் வெட்டுங்கள். முகபாவத்தையும் கைகளையும் கடைசிவரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோட்டிலிருந்து தொடங்குங்கள்

வரையும் கேன்வாஸ் அகலம் 1600 பிக்சல் இருக்கட்டும். தொடரை வெளியிடும் ‘வெப்டூன் கேன்வாஸ்’ தளம் கேட்பது 800 பிக்சல் அகலம், சரியாகப் பாதி. டாபாஸ் தளத்தின் 940க்கும் இதிலிருந்து சுருக்கிக்கொள்ளலாம். பின்னால் ஏ5 புத்தகமாக அச்சடிக்க நினைத்தால், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ5 அகலம் 1748 பிக்சல். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுவிளிம்பு சேர்த்தால் 1819. அச்சு உறுதி என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே 2000 வைத்துவிடுங்கள், பழைய டேப்லெட் திணறாதவரை.

இப்போது தடிமன். கைபேசித் திரையின் அகலம் சுமார் 6.5 சென்டிமீட்டர். அதில் 800 பிக்சல் படம் முழு அகலத்தில் தெரிந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். 1600 கேன்வாஸில் 8 பிக்சல் கோடு வெளியீட்டில் 4 பிக்சலாகி, கண்ணுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டராகத் தெரியும். பாத்திரத்தின் வெளிக்கோட்டுக்கு இது நன்றாக இருக்கும். வெளிக்கோடு 8 என்றால் உள்கோடு 5, பின்னணிக் கோடு 3. 3க்குக் கீழே போனால் வெளியீட்டில் ஒன்றரைப் பிக்சலுக்கும் குறைந்து, உருட்டும்போது கோடு மினுமினுக்கும். பலூனின் கோடும் உள்கோட்டின் தடிமனே இருக்கட்டும். பாத்திரக் கோட்டை மாற்றிவிட்டுப் பலூன் கோட்டைப் பழையபடி விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பாத்திரங்களுக்கு ஒரே ஒரு பிரஷ். புதுப் பாணி என்றதும் இருபது பிரஷ் இறக்கி வைத்துக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம். ஒரே தடிமன் கோட்டிலிருந்து ஏறி இறங்கும் கோட்டுக்கு வருகிறீர்கள் என்றால் பிரஷின் குறைந்தபட்சத் தடிமனை 30 விழுக்காட்டில் வையுங்கள். பூஜ்யத்தில் வைத்தால் ஒவ்வொரு கோட்டின் முனையும் ஊசியாகி, படம் முழுக்க முடி முளைத்ததுபோல் இருக்கும். கிளிப் ஸ்டூடியோ என்ற வரைமென்பொருளில் கோட்டை நிலைப்படுத்தும் அமைப்பு முகத்துக்கு 10 முதல் 15, பின்னல், புடவை மடிப்பு போன்ற நீள வளைவுக்கு 30 முதல் 40. இதை ஏற்றிக்கொண்டே போனால் முழங்கை, விரல் மூட்டு போன்ற முனைகள் மழுங்கி எல்லாம் ரப்பராகிவிடும்.

கிளிப் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் கோட்டை வெக்டர் லேயரில், அதாவது போட்ட பிறகும் கோட்டைத் திருத்தக்கூடிய அடுக்கில் போடுங்கள். மாற்றக் காலத்தில் அது பெரிய உதவி. நாலாவது சோதனைப் பக்கத்தில் ‘கோடு கொஞ்சம் தடிமன்’ என்று தோன்றினால், தடிமன் திருத்தும் கருவியால் பக்கம் முழுக்க ஒரே தடவையில் மெலிதாக்கலாம். வெக்டர் அழிப்பானைக் ‘குறுக்கிடும் இடம்வரை’ என்று வைத்தால் புடவை மடிப்புகளில் மிதமிஞ்சிப் போன கோடுகள் ஒரு தொடுதலில் போய்விடும். புரோகிரியேட்டில் வெக்டர் கோடு கிடையாது. அங்கே தடிமனை முதலிலேயே முடிவு செய்துவிடவேண்டும். கிரிட்டா இலவசம், வெக்டர் லேயரும் உண்டு. ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் கோட்டுக்கு அதில் சாதாரண லேயரே வசதி.

இன்னொரு கட்டுப்பாடு: முகத்தை வரையும்போது 150 விழுக்காட்டுக்குமேல் பெரிதாக்காதீர்கள். 400இல் வைத்து வரைந்த கண்ணிமை மயிர் கைபேசியில் ஒரு கறுப்புப் புள்ளி. அதற்குச் செலவான ஐந்து நிமிடம் திரும்பி வராது.

உடல் அளவு மாறினால் வீடும் மாறும்

உடலின் உயரத்தைத் தலையின் உயரத்தால் அளப்பது ஓவியர் வழக்கம். நாலு தலை உயரத்தில் இருந்த பேத்தியை ஆறு தலைக்கு நீட்டுகிறீர்கள். பாட்டியை நாலரையிலேயே விட்டால் இருவரும் வேறு வேறு தொடரிலிருந்து வந்தவர்கள்போல் நிற்பார்கள். எனவே எல்லாப் பாத்திரங்களையும் ஒரே தரைக்கோட்டில் நிறுத்தி உயர வரிசை ஒன்று வரையுங்கள். பேத்தி 6, அம்மா 6½, அங்கிள் 6½, பாட்டி கூன் காரணமாக 5½. கூடவே ஒரு வீட்டுக் கதவையும் வரையுங்கள். கதவு ஏறத்தாழ 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.6 மீட்டர் அம்மாவின் தலை அதன் முக்கால் உயரத்துக்குச் சற்று மேலே வரும். பழைய பாணியில் கதவும் பொம்மைக் கதவாக இருந்திருக்கும். இனி இரும்பு கிரில், காலணி அடுக்கு, தாழ்வாரச் சுவர், மின்தூக்கிப் பொத்தான் எல்லாவற்றின் உயரத்தையும் இந்த ஒரே தாளில் பாத்திரங்களோடு குறித்துவையுங்கள். தாழ்வாரத்து அரைச்சுவர் யாருக்கு இடுப்பு, யாருக்கு மார்பு என்பது பேனலுக்குப் பேனல் மாறினால், எது சரியில்லை என்று படிப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ இடறுகிறது என்று மட்டும் தெரியும்.

முகத்துக்கு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் நேர்முகம், முக்கால்முகம், பக்கமுகம் மூன்றிலும் சாதாரணம், சிரிப்பு, கோபம், அழுகையை அடக்குவது, அலட்சியம் ஆகிய ஐந்து பாவம். மொத்தம் பதினைந்து தலை. முக்கால்முகம்தான் வினை, பழைய பாணியில் மூக்கு ஒரு புள்ளியாக இருந்தால் தப்பித்திருப்பீர்கள், இனி அதற்கு ஒரு பக்கம் வேண்டும், நிழல் வேண்டும். நாடகத்தனமான கோபத்தைவிட, பாட்டி டிவியைப் பார்த்தபடியே ‘ம்’ கொட்டும் முகத்தை முதலில் பிடியுங்கள். குடும்பக் கதையில் அந்த மாதிரி முகம்தான் அடிக்கடி வரும்.

வண்ணம்: நம் தோல் நிறத்தில் கோடு தொலைவது

கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு வருபவர்கள், அதிலும் தமிழ்ப் பாத்திரங்களை வரைபவர்கள், அதிகம் தடுமாறுவது இங்கேதான். வெள்ளைத் தாளில் கறுப்புப் புருவம் பளிச்சென்று தெரிந்தது. பழுப்புத் தோலில் அதே கறுப்புப் புருவம், கறுப்புக் கோடு, கறுப்பு முடி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மூழ்கி, முகபாவம் பாதி காணாமல் போகிறது. உடனே பலர் தோலை வெளுக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அழகு ஒருபுறம் இருக்கட்டும், அறுபது எபிசோட் பழகிய குடும்பம் திடீரென்று வெளுத்துப்போனால் கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்காது.

மாற்றவேண்டியது கோட்டையும் முடியையும். ஒரு நடுத்தரப் பழுப்புக்கு, வரைமென்பொருளின் எச்எஸ்பி அளவில், எண்கள் இப்படி: நிறக்கோணம் 24, செறிவு 55, வெளிச்சம் 58. இதைச் சாம்பலாக்கினால் ஏறக்குறைய 43 விழுக்காடு வெளிச்சம். புருவமும் முடியும் 12 விழுக்காட்டில் இருந்தால் இடைவெளி 31, நன்றாகத் தெரியும். இந்த இடைவெளி 25க்குக் கீழே இறங்கும்போதுதான் சிக்கல். இன்னும் கருத்த தோலுக்கு, உதாரணமாக நிறக்கோணம் 20, செறிவு 58, வெளிச்சம் 40 என்று வைத்தால், சாம்பலில் 28 விழுக்காட்டளவே வரும். புருவத்துக்கும் தோலுக்கும் 16தான் இடைவெளி. அங்கே கறுப்பால் வரைவதை விட்டு ஒளியால் வரையுங்கள். மூக்குத்தண்டில் ஒரு வெளிர்க்கோடு, கீழுதட்டில் ஒரு ஒளிப்புள்ளி, புருவத்துக்குக் கீழே இமைமேட்டில் ஒரு வெளிர்த்தீற்று. மீதியைக் கண்ணின் வெள்ளை பார்த்துக்கொள்ளும். அந்த வெள்ளையும் தூய வெள்ளையாக வேண்டாம். வெளிச்சம் 92, சற்றே மஞ்சள் சாயல். தூய வெள்ளை வைத்தால் கண் டார்ச் அடித்ததுபோல் நிற்கும்.

நிழலுக்குக் கறுப்பையோ சாம்பலையோ மேலே ஊற்றாதீர்கள். தோல் அழுக்கேறியதுபோல் ஆகும். நிறக்கோணத்தைச் சிவப்புப் பக்கம் பத்துப் பாகை தள்ளி, செறிவைக் கொஞ்சம் ஏற்றி, வெளிச்சத்தை இறக்குங்கள். மேலே சொன்ன நடுத்தரப் பழுப்புக்கு நிழல்: 14, 62, 40. முகத்துக்குள் வரும் கோடுகளைக் கறுப்பிலிருந்து அடர்ந்த அரக்குக்கு மாற்றுங்கள். வெளிக்கோடு கறுப்பாகவே இருக்கட்டும். முடிக்கு முழுக்கறுப்பு வேண்டாம், நீலம் அல்லது ஊதா கலந்த வெளிச்சம் 15 முதல் 18. அப்போதுதான் பின்னல் மடிப்பைக் கறுப்புக் கோட்டால் வரைய இடம் கிடைக்கும்.

ஒரு புளோக்கில் நாலு இனத்தவர் வசிக்கும் கதை இது. இனத்துக்கு ஒரு நிறம் என்று நாலே பொட்டி வைக்காதீர்கள். பாட்டியும் பேத்தியுமே ஒரே நிறமாக இருக்கத் தேவையில்லை. மலாய்ப் பையனும் பேத்தியும் ஒரே பழுப்பில் வந்தாலும் குழப்பம் வராது, வெளிவடிவ அடையாளம் ஏற்கெனவே இருக்கிறதே. ஒவ்வொருவருக்கும் தோல் அடிநிறம், நிழல், முடி, இரண்டு உடை நிறம், ஆக ஐந்து பொட்டி கொண்ட வண்ணப் பட்டியலைச் சேமித்துவிடுங்கள். கண்ணளவில் எடுத்தால் பத்து எபிசோடுக்குள் நகர்ந்துவிடும்.

ஐபேடில் வரைபவர்கள் கேன்வாஸைத் திறக்கும்போதே எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட அதிக வண்ணங்கள் கொண்ட டிஸ்பிளே பி3இல் வரைந்துவிட்டு வெளியிட்டால் குங்குமச் சிவப்பும் வாழையிலைப் பச்சையும் மங்கிப்போகும், காரணம் தெரியாமல் வண்ணத்தை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

பின்னணியும் வெயிலும்

பாத்திரத்தை எளிமையாக்கிவிட்டுப் பின்னணிக்கு முப்பரிமாண மாதிரியையோ புகைப்படத்தையோ அப்படியே கோடாக மாற்றிப் போட்டால், இரண்டும் ஒட்டாது. பின்னணியில் கோட்டின் அடர்த்தி பாத்திரத்தில் உள்ளதைவிடக் குறைவாகவே இருக்கவேண்டும். முப்பரிமாண மாதிரியை அளவுக்கும் கோணத்துக்கும் மட்டும் அடியில் வைத்து, மேலே உங்கள் 3 பிக்சல் பிரஷால் கையால் இழுங்கள். அடிக்கடி வரும் ஆறு இடங்களை மட்டும் ஒருமுறை நேரம் எடுத்து முழுமையாக வரைந்து, லேயர் பிரித்துச் சேமியுங்கள்: தாழ்வாரம், வரவேற்பறை, சமையலறை, வெற்றுத்தளம் (புளோக்கின் திறந்த கீழ்த்தளம்), காப்பிக்கடை, பேருந்து நிறுத்தம். வாரா வாரம் புதிதாக வரைந்தால் நேரக் கணக்கு உடைந்துவிடும்.

புதுப் பாணியில் வெயில் நிழல் போடுவதென்றால் இந்த ஊர் வெயில் எப்படி விழும் என்று தெரிந்திருக்கவேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் சுமார் 1 மணிக்கு, பன்னிரண்டுக்கு அல்ல. அந்நேரம் நிழல் காலடியிலேயே சுருங்கிக் கிடக்கும். முகத்தில் புருவத்துக்கும் மூக்குக்கும் தாடைக்கும் கீழே மட்டும் நிழல். ஆண்டு முழுக்க விடிவதும் அடைவதும் ஏழு மணி சுமாருக்கே. ஆகவே நீண்ட நிழல் வேண்டுமானால் காட்சியைக் காலை 8க்கு முன்போ மாலை 6க்குப் பிறகோ வையுங்கள். பள்ளி விட்டு இரண்டு மணிக்கு வரும் பேத்திக்குப் பத்தடி நிழல் போட்டால் இங்கே வளர்ந்தவர் கண்ணுக்குத் தவறாகப் படும்.

எழுத்தை மறந்துவிடாதீர்கள்

ஆங்கில வழிகாட்டிகள் பெரிய எழுத்துகளால் ஆன காமிக் ஃபான்ட்டை வைத்துப் பேசுகின்றன. அந்த அளவுகள் நமக்கு உதவா. தமிழில் மேலே இகரக் கொக்கி, கீழே உகர வளைவு. இரண்டு வரி நெருங்கினால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.4 மடங்கு வையுங்கள். 800 பிக்சல் வெளியீட்டில் எழுத்தளவு 34க்குக் கீழே இறங்கவேண்டாம். ‘ஞ’, ‘ண’, ‘ணை’ எல்லாம் கட்டியாகி ஒரே கறையாகத் தெரியும்.

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில், மெல்லிய கோட்டுப் பாணிக்குக் கேடமரன், முக்தா மலர் பொருந்தும். தடித்த, சிரிப்புத் தொடருக்குப் பலூ தம்பி. கவிவாணர் கையெழுத்துச் சாய்வில் இருப்பதால் மனக்குரலுக்கும் கடிதத்துக்கும் நன்றாக இருக்கும், பேச்சு முழுவதுக்கும் போட்டால் கண் களைத்துவிடும். உங்கள் புது வெளிக்கோட்டின் தடிமனையும் எழுத்துக்கோட்டின் தடிமனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து கோட்டைவிடத் தடித்திருந்தால் பக்கம் எழுத்தாகவே தெரியும்.

சில வரைமென்பொருளில் ‘கொ’ உடைந்து ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிவட்டம் தோன்றும். ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான முறையைத் தேர்ந்தால் சரியாகும். மற்றவற்றில் சரியாக வரவில்லையென்றால் போராடாதீர்கள். இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தட்டி, பின்புலமில்லாத பிஎன்ஜியாக எடுத்து வந்து ஒட்டுங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளம். ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ எந்த ஒல்லிப் பலூனுக்குள்ளும் அடங்காது. ‘சொல்லிட்டு இருந்தாங்க’ அடங்கும், பேச்சுக்கும் அதுதான் இயல்பு. உடைத்தே ஆகவேண்டுமென்றால் சொல்லின் ஒட்டுவாயில் உடையுங்கள்; புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது. பேனல் திட்டம் போடும்போதே வசனத்தை முதலில் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் ஆளை வரையுங்கள். புதுப் பாணியில் உடல் நீண்டு தலை மேலே போயிருக்கும். பழைய பழக்கத்தில் பேனல் போட்டால் பலூனுக்கு இடமே இருக்காது.

மூன்று சோதனைப் பக்கங்கள்

புதிய கதை வேண்டாம். ஏற்கெனவே வெளிவந்த மூன்று பக்கங்களை எடுத்துப் புதுப் பாணியில் திரும்ப வரையுங்கள். ஒன்று, இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி. இரண்டு, கூட்டம் நிறைந்த இடம். உணவங்காடி நிலையம் அல்லது தேக்கா சந்தை. மூன்று, ஓட்டமோ அழுகையோ, உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் பக்கம். ஒவ்வொரு பேனலுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று ஓரத்தில் எழுதுங்கள். வேலை முடிந்து களைத்து வந்த இரவில் ஒரு பக்கமாவது வரையுங்கள். ஞாயிறு காலையில் மட்டும் வரக்கூடிய பாணி வாரத் தொடருக்கு ஆகாது.

பிறகு காட்டுங்கள்: தொடரைப் படிப்பவர் ஒருவர், இதுவரை பார்த்தேயிராத ஒருவர். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். ‘இது யார்? எங்கே நடக்குது? முதல்ல எதைப் பார்த்தீங்க?’ என்று கேளுங்கள். பழைய வாசகர் யாரென்று சொல்ல ஓரிரு நொடிக்குமேல் எடுத்தால் அந்தப் பாத்திரத்தின் மூன்று அடையாளங்களுக்குத் திரும்பிப் போங்கள். புதியவர் பேனலில் முதலில் கதவு கிரில்லைப் பார்த்தால் பின்னணிக் கோடு அதிகம். கணினித் திரையில் காட்டாதீர்கள். அவரவர் கைபேசிக்கு அனுப்பி அதில் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த இடத்தில் மாற்றுவது

கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம் என்பது பலருடைய முதல் யோசனை. நடைமுறையில் அது பெரும்பாலும் தவறுகளாகவே தெரியும்: இந்த வாரம் மூக்கு வேறு, அடுத்த வாரம் கை வேறு. ஒரு அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், முதல் பேனலிலிருந்து முழுதாக மாற்றுவதே நல்லது. கதைக்குள் காரணம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஆண்டு தாண்டுவது, சொல்பவர் மாறுவது. சானி லியூவின் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்’ என்ற படக்கதை நூல் 2015இல் சிங்கப்பூரில் வந்து, 2017இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்றைப் பெற்றது. அதில் பாணி பலமுறை மாறுகிறது. ஒவ்வொரு பாணியும் கற்பனை ஓவியர் ஒருவர் வாழ்க்கையின் ஒரு காலத்தோடு கட்டப்பட்டிருப்பதால் படிப்பவர் தடுமாறுவதில்லை.

வெளியிடும்முன் புதுப் பாணியில் நாலு எபிசோட் கையிருப்பு சேருங்கள். முதல் எபிசோட் வெளிவந்த பிறகுதான் குறைகள் கண்ணில் படும். கையிருப்பு இருந்தால் அவசரப்படாமல் திருத்தலாம். மாணவர்கள் படிக்கும் தொடர் என்றால் ஜூன் பள்ளி விடுமுறை தொடக்கம் வசதியான நேரம். தொடக்கநிலை இறுதித் தேர்வும் சாதாரண நிலைத் தேர்வும் நடக்கும் செப்டம்பர் முதல் நவம்பர்வரை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

அறிவிப்பு ஒரே பேனல் போதும். பாட்டி புதுப் பாணியில் வாசகரைப் பார்த்து, ‘என்னப்பா அப்படிப் பாக்குற? முடி வெட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்’ என்றால் முடிந்தது. மன்னிப்புக் கேட்டு நீண்ட கடிதம் எழுதாதீர்கள். கேட்கும் தொனியே குறை தேட அழைப்பாகிவிடும். பழையதே பிடிக்கும் என்று சிலர் எழுதுவார்கள். முதல் நாலு வாரம் அவற்றை வைத்து எதையும் மாற்றாதீர்கள். ‘யாரென்றே தெரியவில்லை’, ‘எழுத்து படிக்க முடியவில்லை’ என்ற இரண்டை மட்டும் உடனே கவனியுங்கள்.

பழைய எபிசோடுகள்

எல்லாவற்றையும் திரும்ப வரைய ஆரம்பித்தால் தொடர் அங்கேயே நின்றுவிடும். புதிதாக வருபவர் முதலில் திறக்கும் முதல் எபிசோடை மட்டும், அதுவும் ஆறு மாதம் கழித்துப் பாணி நிலைத்தபிறகு, திரும்ப வரையலாம். ஆனால் முகப்புப் படம், எபிசோடுகளின் சிறுபடங்கள், பாத்திர அறிமுகப் பக்கம் மூன்றையும் மாற்றும் நாளிலேயே மாற்றிவிடுங்கள். முகப்பில் ஒன்று, உள்ளே வேறொன்று என்றால் புதியவர் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று போய்விடுவார். பழைய லேயர் கோப்புகளை அழிக்கவேண்டாம். இரண்டு இடங்களில் சேமியுங்கள். புத்தகமாக வரும்போது பாணி மாறும் இடத்தில் ஒரு வெற்றுப் பக்கமோ அத்தியாயப் பக்கமோ வைத்தால் போதும்.

கை பழையதற்குத் திரும்பும்

திரும்பத்தான் செய்யும், அவசர வாரங்களில் முதலில். தலை பெருக்கும், தோள் குறுகும், உள்கோடு வெளிக்கோட்டின் தடிமனுக்கு ஏறும். உயர வரிசையையும் பதினைந்து தலைகளையும் ஒரே படமாக்கி, வரையும் திரையின் ஓரத்தில் எப்போதும் திறந்து வையுங்கள். கிளிப் ஸ்டூடியோவில் துணைக்காட்சிச் சாளரம், புரோகிரியேட்டில் ரெஃபரன்ஸ் சாளரம் இதற்குத்தான். ஐந்து எபிசோடுக்கு ஒருமுறை சமீபத்திய பேனல்களை அந்தத் தாளின் பக்கத்தில் ஒட்டி, தலையின் உயரத்தை அளந்து பாருங்கள். எல்லாப் பாத்திரங்களிலும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் நகர்ந்திருந்தால் அது உங்கள் கை கண்டுபிடித்த திருத்தம். தாளை அதற்கேற்ப மாற்றுங்கள். ஒருவரில் மட்டும் நகர்ந்திருந்தால் அடுத்த எபிசோடை வரையுமுன் அவருடைய முக்கால்முகத்தைப் பத்துத் தடவை வரைந்து கையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அது அதிகம் வசனமில்லாத பாத்திரமாக இருக்கும். இந்தத் தொடரில் அநேகமாக அங்கிள்.